டோர்ட்மண்டுச் சம்மாட்டி

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் உள்ள நம்முடைய ஆட்களிடம் பேர்பெச்சுவாவின் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சம்மாட்டி அக்காவின் வீடு என்று கேட்டால் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஆள் விட்டுக் கடற்தொழில் செய்விக்கிற முதலாளியைத்தான் யாழ்ப்பாணத்துக் கரைகளில் சம்மாட்டி என்பார்கள். ஒரு சம்மாட்டி என்றால் ஏழெட்டு வள்ளம் இருக்கும், கரையில் வலையும் மீனும் வைக்க ஒரு வாடி இருக்கும், அதற்கேற்ற தொப்பையும் இருக்கும். பேர்பெச்சுவாவுக்கு இருந்தது ஒரேயொரு கண்ணாடியிழை வள்ளம். அது தீவுப் பக்கத்தில் கண்ணாத்துறை என்ற ஊரில் கிடந்தது. அவளோ டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதிகாரம் என்று வந்துவிட்டால் ஏழெட்டு வள்ளச் சம்மாட்டியும் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

வள்ளத்துக்கும் அவள் பெயர்தான். எழுத வந்த பெயின்ரருக்கு இடம் மட்டுக்கட்டத் தெரியவில்லை. 'பேர்பெச்' வரையில் ஒரு பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி முடித்தவன், மிச்சத்தை வள்ளத்தின் மூக்கைச் சுற்றி மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டான். ஊரிலிருந்து வந்த வள்ளத்தின் படத்தைப் பார்த்த அன்று அவள் போனிலேயே அவனை உரித்து எடுத்தாள். பிறகு, எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஊரிலே ஒருவருக்கும் இல்லாத பெயர் அது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வள்ளத்தை ஓட்டியவன் அவளுடைய தம்பி ஆனந்தராசா. அவளுக்குப் பத்து வயது இளையவன். தாய் இல்லாத பிள்ளையென்று இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். இருபது வயதில் ஜெர்மனிக்கு வந்த பிறகும் அவனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவனுக்குப் பள்ளிக்கூடம், அவனுக்குக் கலியாணம், அவனுக்கு வீடு, கடைசியாக அவனுக்கு வள்ளம். இதற்கிடையில் தனக்கொரு கலியாணம் கட்ட அவளுக்கு மறந்துபோயிற்று. ஏன் கட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்லி, கேட்டவர்களையே குழப்பி அனுப்பிவிடுவாள்.

வள்ளத்தில் ஒரு ஜீபிஎஸ் கருவி பூட்டியிருந்தது. எஞ்சினைக் கள்ளர் கொண்டுபோகாமல் இருக்க என்றுதான் வாங்கி அனுப்பினாள். ஆனால் போனைத் திறந்தால், கடலின் படத்தில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்து போவது தெரியும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து கள்ளரை மறந்துபோனாள். இங்கே விடியுமுன் அங்கே வெயில் ஏறிவிடும். தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டுப் புள்ளியைப் பார்ப்பாள். பார்த்த கையோடு போன் அடிப்பாள்.

"டேய், என்னடா இன்னும் துறையடியிலையே நிக்கிறாய்? காத்து மாறப் போகுது, வெளிக்கிடு."

"ஓம் அக்கா."

"வடக்கால போகாத. நேற்றும் அங்க ஒண்டும் பிடிபடேல்லை. மேற்கால போய் விடு வலையை."

"ஓம் அக்கா."

"சினை நண்டாப் பாத்து எடு. அதுக்குத்தான் நல்ல விலை."

"ஓம் அக்கா."

ஆனந்தராசாவுக்கு இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு சொல் தெரியுமா என்பது டோர்ட்மண்டில் பலருக்கும் இருந்த சந்தேகம். குசினியில் அவளோடு வேலை செய்யும் மெலனிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. டோர்ட்மண்டிலேயே பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரி. அவளே 'ஓம் அக்கா'வைப் பாடமாக்கி வைத்திருந்தாள். காலையில் கோட்டைக் கழற்றும்போதே, "உன் கப்பல் இன்றைக்கு எங்கே?" என்று ஜெர்மனில் கேட்பாள். பேர்பெச்சுவா போனைக் காட்டி, காற்று எந்தப் பக்கம், வலை எந்தப் பக்கம் என்று விளக்குவாள். மெலனி மரியாதையாகத் தலையை ஆட்டி, முடிவில் "ஓம் அக்கா" என்பாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கிழங்குச் சாக்கை அவிழ்ப்பார்கள்.

இப்படிச் சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்த சம்மாட்டி வேலைக்குள், இந்த வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வில்லங்கம் புகுந்தது. நீலப் புள்ளி தினமும் கண்ணாமுனையில் போய் நிற்கத் தொடங்கியது. கண்ணாமுனை என்றால் ஊரிலேயே நண்டுக்குப் பெயர்போன இடம். ஆழமில்லாத தண்ணீர், கரையோரம் முழுக்கச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்ணா மரம். பேர்பெச்சுவாவுக்கு முதலில் பெருமை பிடிபடவில்லை. தம்பி சொல்லாமலே நல்ல இடம் பிடித்துவிட்டான் என்று மெலனியிடம் பெருமையடித்தும் விட்டாள்.

ஆனால் புள்ளி விடியலிலிருந்து மத்தியானம் வரை அங்கேயே நின்றது. நின்று என்ன? "எப்பிடிடா இண்டைக்கு?" என்று கேட்டால், "பெரிசா ஒண்டுமில்லை அக்கா" என்றான். அடுத்த நாளும் பெரிசா ஒன்றுமில்லை. அடுத்த கிழமையும் பெரிசா ஒன்றுமில்லை. கண்ணாமுனையில் அரைநாள் நின்றவனுக்கு நண்டில்லை என்றால், கடைக்குப் போனவனுக்குக் கடையைக் காணவில்லை என்பது மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் கலாதேவியின் போன் வந்தது. கலாதேவி ஹனோவரில் இருக்கும் ஊர்க்காரி. ஈஸ்டர் லீவுக்கு இலங்கைக்குப் போய், யாழ்ப்பாண ரவுனில் நின்றுவிட்டு வந்திருந்தாள்.

"ஊர்ப் பக்கம் போகக் கிடைக்கேல்லை அக்கா. ஆனா சந்தையில கண்ணாத்துறை நண்டெண்டு வித்தவங்கள். அப்பப்பா! ஒரு நண்டு ஒரு கோப்பை நிறைய. இந்த வருசம் உங்கட ஆக்களுக்கு அடிச்சது யோகம்."

போனை வைத்த பேர்பெச்சுவா கணக்குப் போட்டாள். ஊர் முழுக்க நண்டு பிடிக்கிறது. நல்ல இடத்தில் நிற்கிற தன் வள்ளத்துக்கு மட்டும் நண்டு இல்லை. அப்படியென்றால் நண்டு எங்கே போகிறது? கடலிலேயே வேறொரு வள்ளத்துக்கு மாற்றி விற்கிறான். வேறென்ன?

அவளுக்குக் கோபத்தைவிட மனநோவுதான் கூட இருந்தது. எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும், அவனுக்குத்தானே எல்லாம். ஆனால் 'ஓம் அக்கா' என்று சொல்லிச் சொல்லியே காதில் பூச்சுற்றுகிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அவனிடமே நேரே கேளேன்" என்றாள் மெலனி.

"கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவான். அதையும் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது" என்றாள் பேர்பெச்சுவா. ஜெர்மனில் சொன்னதால் குரல் உடையாமல் தப்பியது. தமிழில் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

முடிவு எடுத்தாயிற்று. வள்ளத்தை விற்பது. ஆனி மாதத்தில் கண்ணாத்துறை ஒன்றியத்தின் ஒன்றுகூடல் வருகிறது. ஜெர்மனியில் உள்ள ஊர்ச்சனம் முழுக்க டோர்ட்மண்டுக்கு வரும். மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்: என் வள்ளம் விலைக்கு, ஊரில் சொந்தக்காரருக்கு வாங்கிக் கொடுக்க விரும்புகிறவர்கள் என்னைக் காணவும். ஒன்றியத் தலைவர் விஜயரத்தினத்திடம் இரண்டு நிமிடம் பேச நேரமும் கேட்டு வைத்துவிட்டாள். எதற்கென்று மட்டும் சொல்லவில்லை. கிழங்கு உரிக்கும்போதெல்லாம் வாய்க்குள் அதையே சொல்லிச் சொல்லிப் பழகினாள். அந்தக் கிழமை முதியோர் இல்லத்தில் கிழங்குகளெல்லாம் தோலோடு பாதிச் சதையையும் இழந்து, கோலிக்குண்டு அளவில் வெந்தன.

ஒன்றுகூடல் அன்று, ஜெர்மன் கோடைக்கே உரிய முறையில் மழை கொட்டியது. ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு விஜயரத்தினம் மட்டும் வந்து, தனக்குத்தானே வரவேற்புரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹனோவர் ஆட்கள் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு எள்ளுப் போட இடமில்லை. பிள்ளைகள் ஜெர்மனில் கத்திக்கொண்டு ஓடித் திரிந்தார்கள். தாய்மார் தமிழில் அதட்டினார்கள். மூலையில் பெரிய பானையில், பனங்கிழங்கு மாவும் மீனும் போட்ட ஒடியற்கூழ் கொதித்தது. இத்தனை வருடமும் கூழ்ப்பானை பேர்பெச்சுவாவின் பொறுப்பு. இன்றைக்கும் அவள்தான் கிண்டினாள். மனம் கொதித்ததில் மிளகாயைக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டாள். குடித்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே, இந்த முறைதான் கூழ் கூழாக வந்திருக்கிறது என்று இரண்டாவது கோப்பைக்கு வந்தார்கள்.

"முதலில ஆய்வாளர் நிருபமா கதைப்பா. அதுக்குப் பிறகு நீங்கள் கதைக்கலாம், அக்கா" என்று விஜயரத்தினம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நிருபமா இங்கேயே பிறந்த பிள்ளை. தாய் தகப்பன் கண்ணாத்துறை. பிறேமன் நகரத்தில் கடலாராய்ச்சி செய்கிறாள். போன மாரியில் மூன்று மாதம் ஊரில் போய் நின்று ஆய்வு செய்துவிட்டு வந்தவள். அவள் மேடையில் ஒரு லப்டொப்பைத் திறந்துவைத்து, பின்னால் பெரிய திரையில் படம் காட்டிக்கொண்டு பேசத் தொடங்கினாள். பேர்பெச்சுவா முன்வரிசையில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு அரைக் காதால் கேட்டாள்.

"எங்கட கடலில தண்ணிக்குக் கீழ ஒரு புல்லு வளருது. ஊரில சாதாழை எண்டு சொல்லுவினம். நண்டுக் குஞ்சு, றால் குஞ்சு எல்லாம் அதுக்குள்ளதான் வளருறது. அது அவையின்ர கிண்டர்கார்டன். கண்ணாமுனையில அந்தப் புல்லுப் பாதிக்கு மேல அழிஞ்சு போச்சு. வெளியில இருந்து வந்த ஆக்கள் இழுவை வலை போட்டு, வயல் உழுத மாதிரி இழுத்திட்டினம். மிச்சத்துக்குத் தங்கூசி எண்ட மெல்லிய நைலோன் வலை. அதில சின்னன் பெரிசு எண்டில்லை, எல்லாம் மாட்டுப்படும். ரெண்டு வருசத்துக்கு முதல் ஊரில பிடிபட்ட நண்டு நெருப்புப்பெட்டி அளவு."

மண்டபத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப ஊர்க் கடற்தொழிலாளர் சங்கம் கூடி ஒரு முடிவெடுத்தது. கண்ணாமுனையில மூண்டு வருசத்துக்கு ஒருத்தரும் வலை போடக்கூடாது. மற்ற இடங்களில சினை நண்டு பிடிபட்டால் திருப்பித் தண்ணிக்க விட்டிடோணும். மிதவை கட்டிப் பலகையும் நட்டினம். ஆனா பலகைக்கு ஆர் பயப்பிடுறது? வெளி ஆக்கள் வந்து அந்தப் பலகையிலையே வள்ளத்தைக் கட்டிப்போட்டு வலை விட்டவை."

எல்லோரும் சிரித்தார்கள். பேர்பெச்சுவா சிரிக்கவில்லை. கண்ணாமுனை என்ற சொல் கேட்டதிலிருந்து அவளுடைய மற்ற அரைக் காதும் திறந்துவிட்டது. வலை போடக்கூடாத இடமா? அப்படியென்றால் நம்முடைய வள்ளம் அங்கே என்ன செய்கிறது? களவாக வலை போடுகிறானா? ஐயோ, கள்ளத்தொழிலுமா செய்கிறான்?

"காவலுக்கு ஒரு வள்ளம் தேவைப்பட்டுது" என்று தொடர்ந்தாள் நிருபமா. "தினமும் அரைநாள் அங்க நிக்கோணும். காவலுக்கு நிண்டால் அந்த அரைநாள் உழைப்புப் போச்சு. அதனால ஒருத்தரும் முன்னுக்கு வரேல்லை. கடைசியில ஒரேயொரு ஆள்தான் வள்ளத்தைக் குடுத்தவ. அந்த ஆள் இப்ப இந்த மண்டபத்துக்குள்ள இருக்கிறா."

யாரது அந்த விசரி என்று பேர்பெச்சுவா திரும்பிப் பார்த்தாள். அரைநாள் உழைப்பைத் தண்ணீரில் விடுகிற பைத்தியம் இந்தக் காலத்திலும் இருக்கிறதா? பின்வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மெதுவாகத் திரைப் பக்கம் திரும்பினாள்.

திரை முழுக்க ஒரு வள்ளம். மூக்கில் சிவப்புக் கொடி. கொடிக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பேர்பெச்'.

கைதட்டல் மழையை அமுக்கிக்கொண்டு எழுந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். கலாதேவி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அக்கா, ஒரு வார்த்தை சொல்லேல்லையே! வலது கை குடுத்தது இடது கைக்குத் தெரியாதாம்!" என்று காதுக்குள் கத்தினாள். நிருபமா மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"அன்ரி, நீங்கள் போனிலையே உடன ஓம் எண்டு சொன்னனீங்களாம். ஆனந்தராசா மாமா சங்கத்தில எழும்பிச் சொல்லேக்க நானும் அங்க இருந்தனான். 'அக்கா ஓம் எண்டிட்டா' எண்டு சொன்னவர்."

பேர்பெச்சுவாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அக்காவிடம் நண்டில்லை என்ற பொய். ஊரிடம் அக்கா ஓம் என்ற பொய். இரண்டு பக்கமும் பொய்யை வைத்து நடுவில் வள்ளத்தை ஓட்டியிருக்கிறான். 'ஓம் அக்கா'வைத் தவிர வேறு தெரியாது என்று நினைத்திருந்த அந்த ஊமைக் கோட்டான்!

யோசித்து முடிக்குமுன் அவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள். விஜயரத்தினம் காரில் எப்போதும் இரண்டு மூன்று பொன்னாடை வைத்திருப்பார், யாருக்கு எப்போது போர்த்த வேண்டிவரும் என்று சொல்ல முடியாதல்லவா? அதில் ஒன்று, தங்கச் சரிகை போட்ட சிவப்புப் பட்டு, பேர்பெச்சுவாவின் தோளில் விழுந்தது. போன வருடங்களில் மண்டபம் எடுத்துத் தந்தவனுக்குப் போர்த்தினார்கள், மைக் தந்தவனுக்குப் போர்த்தினார்கள், சும்மா வந்துபோன டாக்குத்தருக்கும் போர்த்தினார்கள். கூழ் கிண்டுகிறவளுக்கு இதுவரையில் ஒருவரும் போர்த்தியதில்லை. துணியின் பாரம் தோளில் இதமாக இருந்தது. அவள் அதன் ஒரு நுனியைத் தன்னையறியாமல் தடவிப் பார்த்தாள்.

"இப்ப அக்கா ரெண்டு வார்த்தை பேசுவா" என்று மைக்கைக் கையில் கொடுத்தார் விஜயரத்தினம்.

கிழங்கு உரித்து உரித்துப் பழகிய பேச்சு நாக்கின் நுனியில் நின்றது. என் வள்ளம் விலைக்கு. ஆனால் திரையில் அடுத்த படம் வந்துவிட்டது. ஆனந்தராசா வள்ளத்தின் விளிம்பில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் ஒரு பெரிய சினை நண்டைத் தண்ணீரில் விடுகிறான். வாய் நிறையச் சிரிப்பு. பேர்பெச்சுவா அந்தச் சிரிப்பை இதற்கு முன் பார்த்ததேயில்லை. போனில் வரும்போது அவன் எப்போதும் அரை நெற்றியையும் கூரையையும்தான் காட்டுவான்.

"இவனோட இப்ப கதைக்க ஏலுமா?" என்று மைக்கிலேயே நிருபமாவிடம் கேட்டாள்.

"ஓம் அன்ரி, சங்க மண்டபத்தில எல்லாரும் காத்துக்கொண்டுதான் இருக்கினம். கடைசியில எடுக்க இருந்தது, இப்பவே எடுக்கிறன்" என்று நிருபமா லப்டொப்பைத் தட்டினாள்.

திரையில் கண்ணாத்துறை வந்தது. அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சப் பேர் கைகாட்டினார்கள். நடுவில் சலவைச் சேர்ட்டோடு நின்றவன் ஆனந்தராசா. அக்காவைக் கண்டான். அக்காவின் தோளில் பொன்னாடையைக் கண்டான். கண்டதும் நைசாகப் பக்கத்து ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"ஒளியாத. இஞ்ச வா முன்னுக்கு" என்றாள் பேர்பெச்சுவா.

வந்தான்.

"நான் உனக்கு எப்ப ஓம் எண்டு சொன்னனான்?"

விஜயரத்தினத்தின் முகத்திலிருந்த சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

"நீங்கள் சொல்லேல்லை அக்கா" என்றான் ஆனந்தராசா. "நான்தான் பொய் சொன்னனான். அவையளுக்கும் சொன்னனான், உங்களுக்கும் சொன்னனான். கேட்டால் விடமாட்டியள் எண்டு பயம்."

"ஓம், விடமாட்டன்தான். ஆரிட்டக் கேட்டு என்ர வள்ளத்தைக் காவலுக்கு விட்டனி? நான் இஞ்ச நிண்டு மாடு மாதிரி உழைச்சு வாங்கினது, நீ கொடி கட்டிக்கொண்டு குந்தியிருக்கவோ? போதும் காவல். நாளைக்கு விடிய வலையை ஏத்திக்கொண்டு கடலுக்குப் போ."

எல்லோரும் ஆனந்தராசாவின் வாயையே பார்த்தார்கள். வரப்போகிற சொல் எதுவென்று எல்லோருக்கும் தெரியும்.

"ஏலாது அக்கா."

முன்வரிசையில் யாரோ கூழ்க் கோப்பையைக் கீழே போட்டார்கள். பேர்பெச்சுவா மைக்கைக் காதில் வைத்துக்கொண்டாள், போன் என்று நினைத்து.

"என்ன சொன்னனி?"

"ஏலாது. வள்ளம் உங்கட. வேணுமெண்டால் வித்துப்போடுங்கோ, நான் வேற ஆரின்ர வள்ளத்திலயாவது போய்க் காவல் நிப்பன். ஆனா கண்ணாமுனையை விட்டு நான் வரமாட்டன். அக்கா, நீங்கள் போனில ஒரு புள்ளியைத்தான் பாக்கிறியள். நான் தண்ணிக்க கிடக்கிறதைப் பாக்கிறன். ரெண்டு வருசத்துக்கு முதல் அங்க வெறும் சேறு. நீங்கள் சொன்ன சொன்ன இடமெல்லாம் வலை விட்டுச் சின்னஞ்சிறுசையும் வாரினதில நானும் ஒருத்தன். இப்ப வந்து பாருங்கோ, புல்லு முழங்காலுக்கு வந்திட்டுது. அதுக்குள்ள குஞ்சு நண்டுகள் என்ன மாதிரி ஓடித் திரியுதுகள் தெரியுமே? பெருத்ததுகள் எல்லையைத் தாண்டி வெளியில வருதுகள். வெளியில ஊரே பிடிக்குது. நான் விடிய காவல் நிக்கிறன், பின்னேரம் மற்ற ஆக்களோட தொழிலுக்குப் போறன். உழைப்புக் குறைவுதான். ஆனா போன கிழமை தங்கூசி வலையோட வந்தவங்களை நான் தனியத்தான் திருப்பி அனுப்பினனான். நாலு பேர் அவங்கள். கொடியைக் காட்டி, 'போங்கோடா, இது எங்கட அக்கா காவலுக்கு விட்ட வள்ளம்' எண்டு சத்தம் போட்டனான். போயிட்டாங்கள் அக்கா!"

கடைசி வார்த்தையில் அவனுக்கே பெருமை தாங்கவில்லை. படத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான். உடனே யாருக்கு முன்னால் சிரிக்கிறோம் என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

பேர்பெச்சுவாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் அதைத் தேடிப்பிடிக்கப் பார்த்தாள், ஆனால் அது கைக்குள் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. இவனுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா? இடுப்பிலிருந்து இறங்கி எத்தனை காலமாயிற்று? தனக்குத் தெரியாமல் எப்போது இறங்கினான்? நாலு பேரைத் தனியாக நின்று விரட்டியிருக்கிறான், அதுவும் அக்காவின் பெயரைச் சொல்லி. அக்காவுக்கே 'ஏலாது' சொல்லியும் விட்டான். இதைவிடச் சந்தோசமான ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. இத்தனை வருடமாகக் கேட்ட அத்தனை 'ஓம் அக்கா'வையும் சேர்த்துக் கட்டினாலும் இந்த ஒரு 'ஏலாது'வுக்கு ஈடாகாது.

மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள். விஜயரத்தினம் மைக்கை வாங்கிவிடலாமா என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்கோ. இந்த வள்ளத்தை நான் குடுக்கேல்லை. எனக்கு ஒரு இழவும் தெரியாது. இண்டைக்கு இந்த வள்ளத்தை விக்கப் போறன் எண்டு சொல்லத்தான் மைக்குக் கேட்டனான். தம்பி நண்டைக் களவாய் விக்கிறான் எண்டு நினைச்சனான்." குரல் உடைந்தது. இது தமிழ், தப்ப வழியில்லை. "குடுத்தவன் அவன். அந்த வள்ளத்துக்கு இனி நான் சம்மாட்டி இல்லை. அவன்தான் சம்மாட்டி. எங்க நிக்கிறது, எங்க வலை விடுறது எல்லாம் இனி அவன் பாடு."

முதலில் கலாதேவி தட்டத் தொடங்கினாள். மண்டபம் முழுக்கத் தட்டியது. திரைக்குள்ளே தகரக் கூரைக்குக் கீழே நின்றவர்களும் தட்டினார்கள். ஆனந்தராசா மட்டும் தட்டாமல், சேர்ட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்குப் போத்தினது பிழையான ஆளுக்குப் போத்தினது" என்று சொல்லிக்கொண்டே பேர்பெச்சுவா பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தாள். மடிப்புக் கலைத்து உதறினாள். யாரிடம் கொடுக்கப் போகிறாள் என்று விஜயரத்தினம் இரண்டு கையையும் ஏந்தினார். அவள் அவரைத் தாண்டிப் போய், மேசையில் திறந்திருந்த லப்டொப்பின் இரண்டு பக்கமும் சரிகை சமமாகத் தொங்கும்படி பார்த்து, அதன்மேல் அழகாகப் போர்த்திவிட்டாள்.

பின்னால் பெரிய திரையில் கண்ணாத்துறையும் தகரக் கூரையும் அப்படியே தெரிந்தன. லப்டொப்பின் கமரா மூடுபட்டதில் தங்கள் பக்கத்தில் எல்லாம் இருண்டுபோனதைக் கண்டு அங்கே எல்லோரும் திகைத்து முழிப்பதும் தெரிந்தது. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நிருபமா சிரிப்பை அடக்க முடியாமல் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனந்தராசா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்த போனுக்குக் கிட்டே வந்தான். திரை முழுக்க அவனுடைய மூக்கு நிறைந்தது.

"அக்கா? அக்கா, இஞ்ச ஒண்டும் தெரியேல்லை. ஒரே இருட்டாக் கிடக்கு. கோவமோ அக்கா?"

பேர்பெச்சுவா கண்ணைத் துடைத்துவிட்டு, பொன்னாடைக்கு மேலாலேயே லப்டொப்பைத் தடவிக்கொடுத்தாள்.

"கொஞ்ச நேரம் அப்பிடியே இரடா, சம்மாட்டி" என்றாள். "உனக்குப் பொன்னாடை போத்தியிருக்கு."